குனிந்த முதுகுகளுக்கு நடுவே ஒரு பார்வை

ஒரு கூரை வீட்டின் வாசல். வாசலில் ஊர்த் தலைவர் நிற்கிறார். அவர் முன்னால் ஒருவர் சிப்பி மாலையொன்றை நீட்டிக்கொண்டிருக்கிறார். மாலையை நீட்டுகிறவருக்குப் பின்னால் ஆறு இளைஞர்கள், ஒருவர் பின் ஒருவராக, இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் சங்கு ஊதுகிறார். எல்லோரும் நமக்குப் பக்கவாட்டில்தான் தெரிகிறார்கள். அத்தனை பேருடைய கவனமும் மாலை கைமாறப்போகும் அந்த ஓர் இடத்தில் குவிந்திருக்கிறது.

படம் கறுப்பு வெள்ளை. மாலையின் சிவப்பை நாமேதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். சங்கின் ஒலியையும் அப்படியே. இவ்விரண்டையும் மனத்தால் சேர்த்த பிறகு படத்தை மறுபடி நிதானமாகப் பாருங்கள். குனிந்திருக்கும் அந்த இளைஞர்களில் ஒருவன் மாலையைப் பார்க்கவில்லை. தலைவரையும் பார்க்கவில்லை. முதுகு மற்றவர்களைப் போலவே வளைந்திருக்கிறது. கண் மட்டும் வரிசையை விட்டு விலகி, காமிராவைப் பார்க்கிறது.

1922-இல் வெளிவந்த 'ஆர்கனாட்ஸ் ஆஃப் த வெஸ்டர்ன் பசிபிக்' என்ற நூலின் முகப்புப் படம் இது. எடுத்தவர் ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. மானிடவியல் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் முதலில் கேட்கும் பெயர்களில் ஒன்று அவருடையது. படத்தில் நடப்பது 'குலா' என்ற பரிமாற்றச் சடங்கு. அந்த இளைஞனின் பார்வையை ஜேம்ஸ் கிளிஃபோர்ட் என்ற அறிஞர் 1983-இல் ஒரு கட்டுரையில் சுட்டிக் காட்டினார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் படத்தில் வேறு எதையும் முதலில் பார்க்க முடிந்ததில்லை. பாட்டில் ஒரு சொல் இடம் மாறி நின்று மொத்தப் பாட்டையும் திறந்துவிடும் அல்லவா, அப்படி ஒரு பார்வை அது. மாலினோவ்ஸ்கி தீவுகளில் எடுத்த படங்களை நயம் பாராட்ட உட்கார்ந்தால் தொடக்கமும் முடிவும் எனக்கு அதுதான்.

அவர் புகைப்படக்காரராகப் புறப்பட்டவர் அல்லர். 1884-இல் இன்றைய போலந்தின் கிராகூவ் நகரில் பிறந்து, லண்டனில் மானிடவியல் பயின்றவர். 1914-இல் அறிஞர் குழு ஒன்றோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். போய்ச் சேரும் நேரத்தில் முதல் உலகப் போர் மூண்டது. அவர் ஆஸ்திரியப் பேரரசின் குடிமகன் என்பதால் சட்டப்படி எதிரி நாட்டுக்காரர். ஆனாலும் ஆஸ்திரேலிய அதிகாரிகள் அவரைப் பாப்புவாவில் ஆய்வு செய்ய விட்டார்கள். முதலில் தெற்குக் கரையோரத்து மைலூ தீவு. பிறகு கிழக்கே ட்ரோப்ரியாண்ட் தீவுகள். அங்கே 1915, 1916-இல் ஒரு முறையும், 1917, 1918-இல் மறுமுறையும் தங்கினார். கிரிவினா என்னும் பெரிய தீவில், ஓமரகானா என்ற தலைமை ஊரில், கூரை வீடுகளுக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்துக்கொண்டார். ஊராரின் மொழியைக் கற்றார். கண்ணாடித் தகடுகளை ஏற்றி எடுக்கும் காமிரா கையில் இருந்தது. அவர் எடுத்தவற்றில் சுமார் 1,100 படங்கள் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் காப்பகத்தில் இருக்கின்றன.

அந்த முதற்பயணத்தில் அவரோடு இன்னொருவர் வந்தார். பால்ய நண்பர் ஸ்டானிஸ்லாவ் இக்னாட்சி விட்கியேவிச். பின்னாளில் விட்காட்சி என்ற பெயரில் போலந்தின் பெரும் நாடகாசிரியராகவும் ஓவியராகவும் அறியப்பட்டவர். தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் தற்கொலை செய்துகொண்ட துயரத்தில் அவர் உடைந்துபோயிருந்தார். படம் வரையவும் புகைப்படம் எடுக்கவும் என்று சொல்லி மாலினோவ்ஸ்கி அவரை அழைத்துக்கொண்டார். வழியில் இருவரும் இலங்கையில் இறங்கி, சில நாட்கள் தங்கிச் சுற்றிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் போர்ச் செய்தி வந்ததும் கசப்போடு பிரிந்தார்கள். நண்பர் ரஷ்யப் படையில் சேரப் போய்விட்டார். காமிரா மாலினோவ்ஸ்கியின் கையில் தங்கியது.

இந்தப் பிரிவை நினைத்துக்கொண்டு தீவுப் படங்களைப் பார்த்தால் ஒரு நயம் பிடிபடும். விட்காட்சியின் புகைப்படங்களில் முகம்தான் எல்லாம். நெற்றியும் தாடையும் வெட்டுப்படும் அளவுக்கு அருகே போய், கண்களுக்குள் இறங்கிவிடுவார். பின்னணி என்று ஒன்று இருக்காது. மாலினோவ்ஸ்கியிடமோ அப்படிப்பட்ட நெருக்கக் காட்சிகள் மிக அரிது. அவர் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கிறார். ஆள் முழுதாகத் தெரிய வேண்டும். கால் ஊன்றிய மண் தெரிய வேண்டும். பின்னாலிருக்கும் வீடும், வீட்டின் மேல் சாய்ந்த தென்னையும், ஓரத்தில் எதையோ செய்துகொண்டிருக்கும் இன்னொருவரும் தெரிய வேண்டும். நண்பர் ஆளை உலகத்திலிருந்து பிரித்து எடுத்தார். இவர் உலகத்தோடு சேர்த்தே எடுத்தார். நம் அகப்பாட்டில் தலைவி தனியாக வருவதில்லை. கூடவே நெய்தலின் மணலும் புன்னையும் நாரையும் வந்துவிடுகின்றன. மண்ணைச் சொல்லாமல் மனிதரைச் சொல்ல முடியாது என்ற அந்த உணர்வு இந்தப் படங்களிலும் இருக்கிறது.

காமிராவின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவர்களை எடுக்கும்போது பல படங்களில் காமிராவும் அவர்களோடு தாழ்ந்துவிடுகிறது. மேலிருந்து கீழே குனிந்து பார்க்கும் கோணம் அபூர்வம். இது எந்தத் தீவிலும் பாராட்டத்தக்க பண்பு. ட்ரோப்ரியாண்டில் இதற்கு இன்னும் ஒரு கனம் உண்டு. அங்கே தலையின் உயரம் என்பது மரியாதையின் அளவு. தலைவர் உட்கார்ந்திருக்கும்போது எளிய குடியில் பிறந்தவர் அவரைவிட உயரமாக நிற்கலாகாது. அவரைக் கடந்து போகையில் குனிந்துதான் போக வேண்டும். முகப்புப் படத்தில் அந்த ஆறு முதுகுகள் வளைந்திருப்பதற்குக் காரணமும் அதுவே. பெரியவர் முன்னால் மேல்துண்டை இடுப்புக்கு இறக்கிய கைகளை அறிந்த நமக்கு, அந்த வளைவு பணிவின் அழகாகவும் தெரிகிறது. பிறப்பின் பாரமாகவும் தெரிகிறது.

இந்தப் படங்களை அவர் வெறுமனே பார்க்கத் தரவில்லை. எப்படிப் பார்ப்பது என்று கூடவே நின்று சொல்லித் தருகிறார். படங்களுக்குக் கீழே அவர் எழுதும் குறிப்புகள் ஒரு தனி இன்பம். நூலின் முதல் படத் தகட்டில் நுவகாசிக் கடற்கரையில் அவருடைய கூடாரம். தலைப்பும் கூடாரத்தைத்தான் சொல்கிறது. குறிப்போ நம் கையைப் பிடித்துக் கூடாரத்தைத் தாண்டி அழைத்துப் போகிறது: பக்கத்தில் கிடக்கும் குடைந்த பெருமரத்தைக் கவனி, அது பெரிய ஓடமாகப்போகிறது, இடப்பக்கம் தென்னங்கீற்று போர்த்திக் கரையேற்றிய ஓடத்தைக் கவனி, இவற்றைப் பற்றி இந்தந்த இயல்களில் பேசியிருக்கிறேன். கூடாரம் என்று பெயரிட்ட படத்தில் உண்மையான செய்தி மரத்துண்டில் இருக்கிறது. ஒன்று முடிந்த ஓடம், இன்னொன்று முடியாத ஓடம். இரண்டுக்கும் நடுவே எழுத வந்தவரின் துணி வீடு. எவ்வளவு பொருத்தமான இடம்!

இரண்டாம் தகடு எனக்கு இன்னும் பிரியமானது. ஓமரகானாவில் தலைவரின் வீடு. அதன் முன்னால் டோஉலுவா என்ற தலைவர் நிற்கிறார். படம் அவருக்காகத்தான். ஆனால் இடப்பக்கம், தென்னைகளுக்கு ஊடே, தூரத்தில் ஒரு வெளுத்த பொருள் தெரிகிறது. அது மாலினோவ்ஸ்கியின் கூடாரம். அதன் முன்னால் ஊரார் சிலர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூடாரத்துக்காரர் கூடாரத்தில் இல்லை. இங்கே காமிராவுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் இல்லாத கூடாரத்தின் வாசலில் அவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்? திரும்பி வருவார் என்றா, புகையிலை கிடைக்கும் என்றா, இல்லை, நிழல் நன்றாக இருக்கிறது என்றா? படம் சொல்லவில்லை. ஊரைப் பார்க்க வந்தவரை ஊர் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் அந்தச் சிறு வெண்பொட்டு சொல்கிறது.

இனி அந்த மாலைக்கு வருவோம். குலாவில் சுற்றிவரும் பொருள்கள் இரண்டே வகை. ஒன்று 'சௌலவா' எனும் சிவப்புச் சிப்பி மாலை. மற்றொன்று 'ம்வாலி' எனும் வெள்ளைச் சங்கு வளை. ட்ரோப்ரியாண்டும் அதைச் சூழ்ந்த பல தீவுக் கூட்டங்களும் சேர்ந்து ஒரு பெரும் வட்டம். இந்த வட்டத்தில் மாலைகள் கடிகார முள் சுற்றும் திசையில் தீவு விட்டுத் தீவு போகும். வளைகள் அதற்கு எதிர்த்திசையில் வரும். மாலை தந்தவருக்கு வளை கிடைக்கும். வளை தந்தவருக்கு மாலை கிடைக்கும். உடனே கிடைக்காது. மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம். வந்த பொருளைச் சில காலம் வைத்திருந்து பெருமைப்பட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிடித்து வைத்துக்கொள்பவருக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும். இதற்காகவே பாய் விரித்து, திறந்த கடலில், உயிரைப் பணயம் வைத்து ஓடங்கள் போயின.

அந்த ஓடங்களின் முகப்புப் பலகைகளையும் அவர் விடாமல் எடுத்திருக்கிறார். சுருள் சுருளாகக் குடைந்து, சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் தீட்டிய பலகைகள். ஓரங்களில் வெண்சோழிகள். ஒரு சுருள் முடியும் இடத்தில் இன்னொரு சுருள் பிறக்கிறது. நம் வீட்டு வாசலில் சிக்குக் கோலம் போடும் விரல்களுக்கு அந்தப் பலகையின் இலக்கணம் சொல்லாமலே விளங்கும்.

மாலை எப்படிப் பிறக்கிறது என்பதையும் வரிசையாகப் படமாக்கினார். முள்போன்ற மேல்தோடு கொண்ட ஒருவகைச் சிப்பி. அதன் சிவந்த பகுதியை உடைத்தெடுத்து, கல்லில் தேய்த்துச் சிறு வில்லைகளாக்குகிறார்கள். கயிறு சுற்றி மேலும் கீழும் அழுத்திச் சுழற்றும் துளைக்கோலால் ஒவ்வொன்றிலும் ஓட்டை போடுகிறார்கள். பிறகு எல்லா வில்லைகளையும் ஒரு மெல்லிய குச்சியில் நெருக்கமாகக் கோத்து, தட்டையான மணற்கல்லின் மேல் வைத்து உருட்டுகிறார்கள். உருட்ட உருட்டக் கோணல்கள் கரைந்து, எல்லா வில்லைகளும் ஒரே வட்டமாகின்றன. அந்த உருட்டலில் இருக்கும் பொறுமையை ஒரு நிலைப்படத்தில் எப்படிக் காட்டுவது? அவர் காட்டியிருக்கும் வழி எளியது. கைகளோடு முகத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார். வேலையில் ஆழ்ந்த முகத்துக்கு எந்த ஊரிலும் ஒரே சாயல்தான். நூல் கோக்கும்போது நாக்கு நுனி உதட்டோரம் வந்து நிற்கும் தையற்காரரின் முகம், பத்தமடையில் பாய் நெய்பவரின் முகம், எல்லாம் அங்கே இருக்கின்றன.

வளைகளைப் பற்றி அவர் தரும் ஒரு தகவல் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ம்வாலியில் பத்துக்கு ஒன்பதாவது, சின்னஞ்சிறு பிள்ளையின் கைக்குக்கூட ஏறாத அளவுக்குச் சிறியவையாம். மிகப் பெரியவையோ பத்து வருடத்துக்கு ஒரு முறை, பெரிய திருநாளில், பெரிய மனிதர் ஒருவர் அணிந்தால் உண்டு. சங்கறுத்து வளை செய்ததும், அது பெண்ணின் கையிலிருந்து நழுவுவதைப் பிரிவின் அடையாளமாகப் பாடியதும் நம் மரபு. கைக்கு ஏறவே ஏறாத வளை எதற்கு? மாலினோவ்ஸ்கிக்கும் இதே கேள்வி எழுந்தது. தீவிலிருந்து திரும்பி எடின்பரோ கோட்டையில் ஸ்காட்லாந்து அரச அணிகளைப் பார்த்தபோது அவருக்கு விடை கிடைத்தது. காவலர் ஒவ்வோர் அணியையும் காட்டி, எந்த அரசர் எந்த நாளில் அணிந்தது என்று கதை சொல்கிறார். தீவிலும் பெரியவர்கள் ஒவ்வொரு மாலையாக எடுத்து, அதன் பெயரையும் அது யார் யார் கையில் இருந்தது என்ற வரலாற்றையும் சொன்னார்கள். பொருளின் மதிப்பு அது கடந்து வந்த கைகளில் இருக்கிறது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்த காசுமாலையை வருடத்தில் ஒரு நாள் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கும் வீடுகளில் இது புதிய செய்தி இல்லை.

நூலின் பிற்பகுதியில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் படத்தில் ஒரு சிறு கூட்டம் தலைவரின் வீட்டை நோக்கி நடக்கிறது. முன்னால் போகிறவர் கழியில் மாலையை ஏந்தியிருக்கிறார். இரண்டாமவர் சங்கு ஊதுகிறார். அடுத்த படத்தில் அந்தக் கழி, மாலையோடு, வீட்டுக்குள் நீட்டப்படுகிறது. அடிக்குறிப்பு மெல்ல ஓர் உண்மையைச் சொல்கிறது: மாலையைத் தருபவர் தலைவரின் மகன், இது வீட்டுக்குள்ளேயே நடக்கும் குலா, அதனால்தான் கூட்டம் குறைவு.

மகன் அப்பாவுக்குக் கொடுப்பதில் சங்கு எதற்கு, சடங்கு எதற்கு என்று நமக்குத் தோன்றும். ட்ரோப்ரியாண்டில் குலம் தாய்வழி. பிள்ளைகள் அம்மாவின் குலம். தலைவரின் பட்டம் அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். பெற்ற மகன் அன்புக்கு உரியவன், சொத்துக்கு உரியவன் அல்லன். குலக்கணக்கில் அவன் வேற்றுக் குலத்தான். ஆகையால் அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே இருக்கும் அந்தச் சில அடித் தூரத்தைக் கடக்க ஒரு மாலையும் ஒரு சங்கொலியும் தேவைப்படுகின்றன. கூட்டம் குறைந்த அந்தப் படத்தில் காலியாகக் கிடக்கும் மண்தரைதான் எனக்கு மிக அழகாகத் தெரிகிறது. பாசம் கடந்து வரும் வழி அது.

அந்தத் தாய்வழிக் கணக்கு இன்னொரு படத்திலும் ஒளிந்திருக்கிறது. ஊர் வட்டமாக அமைந்திருக்கிறது. நடுவில் திறந்த களம். உள்வட்டத்தில் கிழங்குக் களஞ்சியங்கள், வெளிவட்டத்தில் குடியிருப்புகள். நல்ல இடம் களஞ்சியத்துக்கு, மிச்ச இடம் மனிதருக்கு. பருமரங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கட்டிய களஞ்சியத்தில் மரத்துக்கு மரம் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். காற்று புகுந்தால் கிழங்கு கெடாது. அதே இடைவெளியில் பெரிய, அழகான கிழங்குகளாகப் பார்த்து முன்னால் வைக்கிறார்கள், ஊர் பார்க்கட்டும் என்று. இந்தக் கிழங்குகளில் பெரும்பங்கு வீட்டுக்காரர் விளைத்தது இல்லை. அவர் மனைவியின் சகோதரர் விளைத்துக் கொண்டுவந்து நிரப்பியது. பிறந்த வீட்டுச் சீர் நம் ஊரில் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வரும். அங்கே அறுவடைதோறும் வருகிறது. படத்தில் மரங்களின் கருமைக்கு நடுவே வெளிறிய கோடுகளாகத் தெரிவது தங்கைக்காக அண்ணன் சிந்திய உழைப்பு. தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்குக் களஞ்சியம் ஓர் உறவுப் பட்டியலாக மாறிவிடுகிறது.

இவ்வளவு நேரம் காமிராவுக்குப் பின்னால் இருந்தவர் முன்னால் வந்து உட்கார்ந்த படங்களும் உண்டு. அவற்றில் புகழ்பெற்றது 1918-இல் எடுத்தது. எடுத்தவர் பில்லி ஹான்காக் என்ற முத்து வணிகர். அங்கேயே வாழ்ந்தவர், மாலினோவ்ஸ்கியின் நண்பர். தீவு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவே வெள்ளை உடையில் மாலினோவ்ஸ்கி. சுற்றிலும் கரிய வெற்றுடல்கள், இடையில் ஒரு வெள்ளைத் துணிக் குவியல். முதல் பார்வைக்கு அந்த வெண்மைதான் கண்ணை இழுக்கும். பிறகு அவருடைய கை தெரியும். கையில் சுரைக் குடுக்கை இருக்கிறது. அது சுண்ணாம்புக் குடுக்கை.

ட்ரோப்ரியாண்டுக்காரர்கள் பாக்கும் வெற்றிலைக்கொடியின் காயும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லுபவர்கள். பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, கோலமிட்ட சுரைக் குடுக்கையில் வைத்திருப்பார்கள். செதுக்கிய நீண்ட கரண்டியால் அதை எடுத்து வாயில் இடுவார்கள். என் பாட்டியின் மடியில் எப்போதும் இருந்த வெண்கலச் சுண்ணாம்புக் கரண்டகம் நினைவுக்கு வருகிறது. திண்ணையில் வந்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும் அதை அவர் பக்கம் தள்ளுவாள். தள்ளினாள் என்றால் இனி பேசலாம் என்று பொருள். வெள்ளை உடைக்காரரின் கையில் அந்தக் குடுக்கையைப் பார்க்கும்போது, அவர் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் எந்தத் திண்ணையில் பிறந்தன என்பது தெரிந்துவிடுகிறது.

ஆனால் திண்ணை எப்போதும் இனிமையாக இல்லை. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மையான நயம். மாலினோவ்ஸ்கி 1942-இல் காலமானார். அவர் தனக்காக எழுதிவைத்த நாட்குறிப்பு 1967-இல் அச்சேறியது. அதில் தனிமை இருக்கிறது, நோய் பற்றிய அச்சம் இருக்கிறது, ஊர் ஏக்கம் இருக்கிறது. தன்னோடு வாழ்ந்த மக்களை இழிவாகப் பேசும் சொற்களும் இருக்கின்றன. படிக்க வலிக்கும் சொற்கள். மைலூ நாட்களில் நடந்த ஒன்றை அவரே குறித்திருக்கிறார். நடனமாடியவர்களைப் படம் எடுக்க விரும்பிப் புகையிலை கொடுத்தார். வெளிச்சம் போதவில்லை. தகட்டில் படம் விழும்வரை அவர்கள் அசையாமல் நிற்கவும் இல்லை. பங்கு கைக்கு வந்ததும் கலைந்து போய்விட்டார்கள். அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

அவர் பிற்பாடு ட்ரோப்ரியாண்டில் கற்ற ஒரு சொல் இதை விளக்கும். 'கிம்வாலி' என்றால் பேரம் பேசிப் பண்டம் மாற்றுவது. குலா அதற்கு மேலானது. அவசரப்பட்டு, கணக்குப் பார்த்துக் கொடுக்கல் வாங்கல் செய்கிறவரை, இவன் குலாவைக் கிம்வாலி போலச் செய்கிறான் என்று அங்கே இகழ்வார்கள். புகையிலையைக் கொடுத்து முகத்தை வாங்க நினைத்தது கிம்வாலி. பண்டம் கைமாறியதும் கணக்குத் தீர்ந்தது, ஆடியவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்?

இந்தக் குறையை அவர் பிறகு வேறு வகையில் உணர்ந்தார் என்றே நினைக்கிறேன். 1935-இல் வந்த 'கோரல் கார்டன்ஸ்' நூலின் பின்னிணைப்பில் தன் அறியாமைகளையும் தோல்விகளையும் வரிசைப்படுத்தி ஒப்புக்கொள்கிறார். அவற்றில் ஒன்று புகைப்படம் பற்றியது. படம் எடுப்பதைக் களப்பணியின் நடுவே ஓர் இளைப்பாறல்போல, இரண்டாம்பட்சமாக நினைத்துவிட்டேன். பார்க்க அழகாகவும் எட்டும் தூரத்திலும் இருந்ததை எடுத்தேன். அது பெரும் பிழை என்கிறார். புகழின் உச்சியில் இருந்த ஓர் ஆசிரியர் தன் நூலுக்குள்ளேயே இப்படி எழுதிவைத்தது எளிய காரியம் இல்லை.

அழகாகத் தோன்றாததால் அவர் பக்கம் திரும்பாதவற்றில் முக்கியமான ஒன்றை ஒரு பெண்தான் வந்து காட்ட வேண்டியிருந்தது. 1971-இல் ஆனட் வீனர் என்ற மானிடவியலாளர் அதே கிரிவினாவுக்குப் போனார். ஊருக்கு வந்த முதல் நாளே பெண்கள் அவரை ஓர் இறப்புச் சடங்குக்கு அழைத்துப் போனார்கள். அங்கே உலர்ந்த வாழையிலைக் கீற்றுகளைக் கட்டிய சிறு சிறு கட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. பெண்கள் செய்து, பெண்கள் சேர்த்து, பெண்கள் பகிர்ந்தளிக்கும் செல்வம் அது. இறந்தவரின் தாய்வழி உறவினர், அவரோடு வாழ்நாளெல்லாம் கொண்டுகொடுத்தவர்களுக்கு அவற்றை வழங்கிக் கடன் தீர்க்கிறார்கள். ஆண்களின் சங்கும் மாலையும் நிறைந்த நூலில் இந்த வாழையிலைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. வீனர் 1976-இல் எழுதிய நூல் அந்த இடத்தை மீட்டது. செதுக்கிய பலகையில் பச்சை வாழையிலையை வைத்துச் சுரண்டி, பலகையின் கோலத்தை இலையில் பதித்து, பிறகு வெயிலில் உலர்த்துவார்களாம். வாழையிலையை நன்றாக அறிந்த எனக்கு, அதைக் காசு போலவும் கவிதை போலவும் கையாளும் ஊர் ஒன்று இருப்பது நெஞ்சை நிறைக்கிறது.

எனவே அந்த ஆயிரத்து நூறு படங்களை நான் ஒருவர் தீட்டிய ஓவியங்களாகப் பார்ப்பதில்லை. அவர் வேண்டுமென்று வைத்த நயங்கள் பல உண்டு: தள்ளி நின்ற தூரம், தாழ்ந்த காமிரா, கவனி என்று கைகாட்டும் அடிக்குறிப்பு. அவர் வேண்டாமலே வந்து சேர்ந்த நயங்கள் அவற்றுக்கும் மேலே நிற்கின்றன: கூடார வாசலில் காத்திருந்தவர்கள், அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே காலியாகக் கிடந்த மண், களஞ்சிய இடுக்கில் ஒரு தங்கையின் பங்கு. இவை தீவு மக்கள் தாங்களாகப் படத்துக்குள் வைத்தவை. புகையிலைக்கு விற்றவை அல்ல.

முகப்புப் படத்துக்குத் திரும்புகிறேன். சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது. மாலை தலைவரை நோக்கிப் போகிறது. குலாவின் விதிப்படி ஒரு திசையில் மாலை போனால் எதிர்த்திசையில் வளை வர வேண்டும். குனிந்த முதுகுகளுக்கு நடுவிலிருந்து அந்த இளைஞன் எதிர்த்திசையில் ஒரு பார்வையை அனுப்பிவிட்டான். அவன் பெயர் அங்கே இல்லை. சடங்கில் அவனுக்கு வரிசையில் நிற்பதைத் தவிர வேறு பங்கும் இல்லை. ஆனாலும் நூறு வருடங்களுக்கு மேலாக அந்தப் பார்வை கைமாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் அது மாலினோவ்ஸ்கியின் கண்ணாடித் தகட்டில் விழுந்தது. பிறகு கிளிஃபோர்டின் கண்ணில் பட்டது. அவர் எழுத்து வழியாக என்னிடம் வந்தது. வந்ததைச் சில காலம் வைத்திருந்து பெருமைப்பட்டுவிட்டேன். பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்பதால் இதோ உங்களிடம் தந்துவிட்டேன்.